அது மினக்கேடு இல்லை

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். நெஞ்சுக்குள் இறுக்கம், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு, காலையில் எழும்பும்போதே அலுப்பு. ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. சீனி, கொழுப்பு, தைரொய்ட் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை, ஒருக்கால் கதைத்துப் பாருங்கள் என்று டொக்டர், உளநல ஆலோசனை சொல்கிற என்னிடம் அனுப்பியிருந்தார். நாற்பத்தாறு வயது. நல்ல உத்தியோகம், திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் சொந்த வீடு, படிக்கிற இரண்டு பிள்ளைகள். குடிப்பழக்கம் இல்லை. (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

வழக்கமான கேள்விகளோடு இதையும் கேட்டேன்: "கடைசியாக எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியாமல் இருந்தீர்கள் அண்ணா?"

மேசையில் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலையில..." என்று தொடங்கி நிறுத்தினார். "போன்ல..." என்றார், தானே இல்லையென்று தலையாட்டினார். பிறகு மெதுவாக, "சின்ன வயசில தூண்டில் போடுவன் மிஸ். உள்துறைமுகப் பக்கம். இருட்டினது தெரியாம நிண்டு அம்மாட்ட அடி வாங்கியிருக்கிறன்" என்றார். முப்பது வருடத்துக்கு முந்திய கதை. இப்போது ஏன் போவதில்லை என்று கேட்டேன்.

"அதெல்லாம் மினக்கேடுதானே. நேரம் எங்க மிஸ் இருக்கு?"

மற்ற மூவரும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஒருவர் ஆசிரியை. மணமாகும் வரை வயலின் வாசித்தவர். அந்த வயலின் இப்போது அலுமாரிக்கு மேல், நரம்பறுந்து கிடக்கிறது. இன்னொருவர் ஓய்வுபெற்று எட்டு மாதமான எழுதுவினைஞர். ‘பென்சன் எடுத்த பிறகு’ என்று வருடக்கணக்காகத் தள்ளிவைத்தவற்றில் ஒன்றைக்கூட இப்போது செய்ய மனம் வரவில்லை என்று சொல்லி அழுதார். மூன்றாவது பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் வீட்டில் கலர்ப் பெட்டியை எடுத்து ஒளித்தார்கள். பிறகு அது அவளுடைய கைக்குத் திரும்பி வரவேயில்லை.

எனக்கு இந்தச் சொல்லோடுதான் கோபம். ‘வினை கெடுவது’தான் மினக்கெடுவதாகத் திரிந்திருக்கிறது. வேலை கெடுகிறது, நேரம் வீணாகிறது என்று பொருள். இதே சொல்லைத் தமிழ்நாட்டில் ‘மெனக்கெட்டுச் செய்தார்’ என்று சொன்னால், சிரமம் பாராமல் அக்கறையாகச் செய்தார் என்ற பாராட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் பாராட்டு, இந்தப் பக்கம் ஏச்சு. நான் அந்தப் பக்கத்துப் பொருளில் கேட்கிறேன்: உங்களுக்குப் பிடித்த ஒன்றுக்காகக் கிழமைக்கு ஒரு தரமாவது மினக்கெடுங்கள்.

இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஆகவே நீட்டியே சொல்கிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. வேலைக்கு, பிள்ளைகளின் டியூசனுக்கு, கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு என்று கொடுத்ததுபோக நேரம் மிஞ்சினால்தான் மனதுக்குப் பிடித்தது. மிஞ்சுவதே இல்லை. முதலில் பரீட்சை, அப்புறம் வேலை, அப்புறம் வீடு, அப்புறம் மகளின் கலியாணம், அப்புறம் பென்சன். சந்தோசம் அதுவரைக்கும் எங்கேயோ பத்திரமாகக் காத்துக்கொண்டு இருக்கும் என்று நம்புகிறார்கள். காத்திருக்காது. பாடாத குரல் கட்டிப்போகிறது, நடக்காத கால் மெலிந்துபோகிறது, ஒன்றை ரசிக்கிற பழக்கமும் அப்படித்தான். அந்த எழுதுவினைஞருக்கு இப்போது நாள் முழுக்க நேரம். அந்த நேரத்தைப் பிடிக்கக் கை பழகவில்லை. அதற்குத்தான் அழுதார். எட்டு மாதமாக அவர் செய்தது பத்திரிகையை இரண்டு தரம் வாசிப்பதும், மருமகளின் சமையலில் குறை பிடிப்பதும்.

2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 16 நாடுகளில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,000க்கும் அதிகமானோரைப் பற்றியது. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், உடல்நலம், சந்தோசம், வாழ்க்கைத் திருப்தி பற்றி அவர்களே சொல்கிற மதிப்பீடு கூடுதலாகவும் இருந்தன. சோர்வில்லாதவர்கள்தானே பொழுதுபோக்கு வைத்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த ஆய்வை மட்டும் வைத்து அதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சைப் பக்கத்திலிருந்து இன்னொரு சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 440 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, எண்ணங்களைச் சீர்செய்கிற பேச்சுச் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர்கள் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு இளநிலைப் பணியாளர்கள்தான். விட்டுப்போன செயல்களை நாள் குறித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்ய வைப்பதே அவர்களுடைய முறை. முடிவு 2016இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்க்கையில் இந்த இரண்டாவது முறை முதலாவதற்குச் சளைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியும் விலையான மருந்தும் தேவைப்படாத இந்த முறையைக் கிழமைக்கு ஐந்து தரம் விளங்கப்படுத்துகிறேன். ஐந்து தரமும் ஒரே பதில்: "மனம் வரட்டும் மிஸ், செய்வம்."

மனம் வராது. சோர்ந்த மனம் தானாக ஒன்றுக்கும் ஆசைப்படாது. முதலில் உடம்பு போக வேண்டும், பின்னால் மனம் வரும். இரண்டாம் மூன்றாம் தரம் வரைக்கும் மனம் வராமலே செய்ய வேண்டியிருக்கும்.

தூண்டில்காரருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: வியாழன் பின்னேரம் ஐந்து மணி. அரை மணி நேரம். ஒரு சுருள் தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்), ஒரு முள், ஒரு ஈயம். கடையில் தொங்குகிற றீல் தடி இப்போது வேண்டாம். போன் வீட்டில் இருக்கட்டும். முதல் கிழமை அவர் போகவில்லை. மகளின் டியூசன் என்றார். இரண்டாம் கிழமை போய், பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். "கந்தோர் ஆக்கள் ரெண்டு பேர் பார்த்திட்டினம் மிஸ். வெட்கமாப் போச்சு." அவரைப் போன்றவர்களை வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பது பாதி இந்த வெட்கம்தான். குடித்துவிட்டு வீதியில் நின்றால் வராத வெட்கம், தூண்டிலோடு நின்றால் வருகிறது.

நான்காம் தரம் வந்தபோது நான் கேட்க முந்தியே கையை நீட்டிக் காட்டினார். ஆட்காட்டி விரலில், முதல் மடிப்பில், தங்கூசி இழுத்த மெல்லிய சிவப்புக் கோடு. இறாலை முள்ளில் எப்படிக் கோர்க்க வேண்டும், வாலிலிருந்து ஏற்ற வேண்டும், முனை வெளியே தெரியக் கூடாது என்று விளக்கினார். மீன் கொத்துகிறபோது விரலுக்கு முதலில் வருவது இழுப்பு இல்லையாம், ஒரு சின்னத் தட்டு. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. அந்தத் தட்டுக்கு இழுத்தால் மீன் தப்பும். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டும். கிடைத்தது சின்னக் கீளி இரண்டு. திரும்பக் கடலில் விட்டுவிட்டார். ஓரா ஒன்றும் பட்டதாம், அதன் முள் குத்தினால் கடுக்கும் என்று சாரத்தால் பிடித்துக் கழற்றியிருக்கிறார். பதினைந்து நிமிடம் இதைச் சொன்னார். நெஞ்சு இறுக்கம் எப்படி என்று நான்தான் கேட்டு ஞாபகப்படுத்தினேன். இன்னும் இருக்கிறது, ஆனால் வியாழன் இரவு நித்திரை வருகிறது என்றார். வியாழன் இரவு ஒன்று எனக்குப் போதும். அதிலிருந்து தொடங்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் ‘ஏன் விட்டீர்கள்’ என்று கேட்கும்போது பார்த்துக் கேட்க வேண்டும். இவர்கள் வளர்ந்த காலத்தில் பொழுது படமுந்தி வீட்டுக்குள் இருக்க வேண்டும். சோதனைச் சாவடி, ஊரடங்கு, கடலுக்குப் போகத் தடை. சண்டை 2009இல் முடிந்தது. உடம்பு இன்னும் ஆறு மணிக்கு வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் முகம் திருப்பாதவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து ‘சும்மா போய்க் கடலைப் பாருங்கோ, மனம் லேசாகும்’ என்று சொல்கிற சொந்தக்காரர்களே, தயவுசெய்து வாயை மூடுங்கள். அவர்களுக்குக் கடல் வேண்டாம். பூக்கன்று, தையல், கரம் விளையாட்டு, சங்கீதம், ஊரில் வேறு ஆயிரம் இருக்கிறது. கடலுக்குத் திரும்ப விரும்பினால் அதற்குத் துணையோடு, படிப்படியாகப் போகிற வழி இருக்கிறது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்படி ஒரு காரணமும் இல்லாதவர்களுக்குத்தான் என் ஏச்சு. நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் உலகத்தின் மறுமூலையிலிருந்து காசு கட்டி வருகிறார்கள். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பட்டினத்தில் இருந்துகொண்டு, ஒரு வருடமாகக் கால் நனைக்கவில்லை என்று என் கதிரையில் இருந்து சொல்கிறீர்கள். கொழும்பிலிருந்து சொந்தக்காரர் வந்தால் மட்டும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, பிரெட்ரிக் கோட்டை மான். அவர்கள் பஸ் ஏறியதும் திரும்பவும் வீடு, கந்தோர், வீடு. கோட்டைக்குள் புள்ளிமான்கள் மர நிழலில் படுத்திருக்கும், சில நாட்களில் நகரத்து வீதிக்கே வந்து நிற்கும். ஹோர்ன் அடித்துக் கலைத்துவிட்டுப் போகிறோம். அந்த ஒரு நிமிடம் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள். (ஷொப்பிங் பையோடு சாப்பாடு போடாதீர்கள், அவை பையையும் சேர்த்துத் தின்னும்.) பின்னேரம் டச்சுக்குடாக் கரையில் ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் இருப்பதும் கணக்கில் சேரும். எல்லாப் பொழுதுபோக்குக்கும் பெயர் இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு நோய் இப்போது கூடியிருக்கிறது. ஒரு பிள்ளை நன்றாகக் கேக் செய்தாள். ருசித்துப் பார்த்த எல்லோரும், "இதை வித்தா என்ன? ஒரு பேஜ் திறவன்" என்றார்கள். திறந்தாள். ஆறு மாதத்தில் ஓடர், பாக்கி, ‘ஐசிங் நிறம் வேற’ என்று முறைப்பாடு. அவளுக்கு இப்போது கேக் சுடுகிற அவணைக் கண்டாலே வெறுப்பு. காசு தேவைப்பட்டால் தொழில் செய்யுங்கள், அது வேறு. ஆனால் களைப்பாற வைத்திருந்த ஒரே இடத்தையும் கடையாக்கினால் பிறகு எங்கே போய் இருப்பது? பிள்ளைகள் விசயத்திலும் இதுதான். வயலின் வாசிக்கிற பிள்ளையைச் சோதனைக்கும் போட்டிக்கும் தள்ளாமல் ஒரு வருடமாவது சும்மா வாசிக்க விடுங்கள். புலமைப்பரிசில் வருடத்தில் பந்தையும் கலரையும் பறிக்காதீர்கள். பத்து வயதில் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க நான் பத்தொன்பது வயதில் கஷ்டப்படுகிறேன்.

போன் பார்ப்பது பொழுதுபோக்குத்தானே என்று கேட்பவர்களுக்கு: மூடி வைத்த பிறகு களைப்பு குறைந்ததா, கூடியதா? பதில் உங்களுக்கே தெரியும்.

பெண்களின் கதை தனி. அந்த ஆசிரியைக்கு நான் நேரம் குறித்துக் கொடுத்தேன். வீட்டில் அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் தேத்தண்ணீர் தேவைப்படுகிறது. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: செவ்வாய், சனி, ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை கதவு சாத்தியிருக்கும், தட்டக் கூடாது, தேத்தண்ணீரை நீங்கள் போடுங்கள் ஐயா. மனைவியின் தலையிடிக்கு இத்தனை ஆயிரம் செலவழித்தவருக்கு இந்த அரை மணி நேரம் பெரிய செலவில்லை. வயலினுக்கு நரம்பு அவரே வாங்கி வந்தார்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று காலத்துக் கடலில் இறங்காதீர்கள். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழே வழுக்குப் பாறைகளில் படம் எடுக்க ஏறாதீர்கள். தூண்டில் போடுவதென்றால், போகக் கூடாது என்று கடற்படை பலகை போட்ட இடத்தில் நிற்க வேண்டாம். அறுந்த தங்கூசியைக் கரையில் விடாதீர்கள், ஆமையும் பறவையும் சிக்கிச் சாகும்.

கடைசியாக, இது முக்கியம். முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்பது இரண்டு கிழமைக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும் நீடித்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. மனச்சோர்வு நோயின் இரண்டு தலையாய அறிகுறிகளில் அது ஒன்று. அதற்குத் தூண்டிலும் வயலினும் மட்டும் போதாது. டொக்டரிடம் போய், "எனக்கு ஒன்றிலும் விருப்பமில்லாமல் இருக்கிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள்; நெஞ்சு நோ, தலைச்சுற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த நாள்வரை பொறுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம்.