கரடி சுருங்கும், துணி சுருங்காது

பொம்மை தைத்து விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "40 செ.மீ. டெடி கரடியின் பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில் இரண்டு தடவை சுருக்கி, பத்தில் ஒரு பங்காக்கி, அதே துணியில் வெட்டித் தைத்தேன். கை கால் எல்லாம் குச்சி மாதிரி நிற்கிறது, பஞ்சு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. என் தையலில் என்ன தப்பு?"

தையலில் ஒரு தப்பும் இல்லை. நீளம் பத்தில் ஒன்றானால் பரப்பு நூறில் ஒன்று, கன அளவு ஆயிரத்தில் ஒன்று. பள்ளியில் படித்ததுதான். பெரிய விலங்குக்கு எலும்பு ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று 1638-இல் கலிலியோ விளக்கியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை மட்டும் சுருக்காது: துணியின் தடிமன்.

கரடியின் கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரிய கரடியின் கை 5 செ.மீ. விட்டமுள்ள குழாய், துணி 1 மி.மீ. தடிமன். உள்ளே சுமார் 1,800 சதுர மி.மீ. வெட்டுப்பரப்பு காலியாக இருக்கும். இரண்டு பக்கத் தையலிலும் ஓரத்துக்கு 6 மி.மீ. துணி விட்டாலும், அது அடைப்பது 24 சதுர மி.மீ.தான். கண்ணுக்கே தெரியாது.

சின்னக் கரடியின் கை 5 மி.மீ. துணி அதே 1 மி.மீ. என்பதால் உள்ளே மிஞ்சும் துளை 3 மி.மீ., அதாவது சுமார் 7 சதுர மி.மீ. தையல் ஓரத்தையும் பத்தில் ஒன்றாக்கி 0.6 மி.மீ. விட்டால் இழை பிரிந்துவிடும். குறைந்தது 2 மி.மீ. விட்டே ஆக வேண்டும். ஒரு தையலுக்கு இரண்டு மடிப்பு, இரண்டு தையல். கூட்டிப் பாருங்கள், 8 சதுர மி.மீ. வருகிறது. ஏழு இருக்கும் இடத்தில் எட்டைத் திணிக்கிறோம்! பஞ்சுக்கு முன்னால் துணியே கையை நிரப்பிவிட்டது. நான் இந்தக் கணக்கை முதலில் போட்டபோது நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.

அப்புறம், தைத்ததைத் தலையணை உறை மாதிரி உள்வெளியாகத் திருப்ப வேண்டும். துணி தன் வழியாகத் தானே நுழைந்து வர வேண்டும். அதனால்தான் குட்டிக் கரடி செய்பவர்களின் மேசையில் மருத்துவமனை இடுக்கி கிடக்கிறது. துணியும் வேறு: நீள முடி மோஹேரை (அங்கோரா ஆட்டு முடித் துணி) விட்டுவிட்டு, மெல்லிய குட்டை முடித் துணியை எடுக்கிறார்கள். ஒரு தகட்டின் தடிமன் பாதியானால் வளைக்கத் தேவையான விசை எட்டில் ஒன்றாகிவிடும். துணியில் இழைகள் நகர்வதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது, ஆனால் போக்கு அதேதான். வெட்டிய ஓரத்தில் லேசாகப் பசை தடவினால் இழையும் பிரியாது.

1920-களில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஷூக்கோ பொம்மை நிறுவனம் இதற்கு வேறு வழி பிடித்தது. பஞ்சே வேண்டாம் என்று உலோக உடல் செய்து, மேலே மோஹேரைப் போர்த்தியது. சில குட்டிக் கரடிகளின் தலையைக் கழற்றினால் உள்ளே சென்ட் பாட்டில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பொம்மை அது.

சரி, கரடி வந்துவிட்டது. உட்காருமா? எடை ஆயிரத்தில் ஒன்று, காற்று படும் பரப்போ நூறில் ஒன்று. மின்விசிறிக் காற்று அதைப் பத்து மடங்கு சுலபமாகச் சாய்த்துவிடும். அதற்காக வயிற்றின் அடியில் கடுகைவிடச் சிறிய எஃகுக் குண்டுகளைப் போடுகிறார்கள். தஞ்சாவூர் பொம்மைக்கு அடிப்பாகம் கனமாக இருப்பது போலத்தான். குழந்தை கையில் எடுக்கும் பொருளில் ஈயக் குண்டு மட்டும் போடவே கூடாது.

தலையைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுங்கள். பெரிய நெற்றியும் குட்டை மூக்கும் குழந்தை முகத்தை நினைவூட்டி நம்மை இளக வைக்கின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். அதே துறையைச் சேர்ந்த ராபர்ட் ஹிண்டே 1985-இல் பழைய டெடி கரடிகளையே அளந்து, காலப்போக்கில் அவற்றின் நெற்றி பெரிதாகி மூக்கு குட்டையானதைக் காட்டினார். பொம்மையை அளக்கவா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

சுருக்கியதில் ஒரு லாபமும் உண்டு. பெரிய கரடியின் தோளில் இரண்டு வட்டத் தகடும் ஒரு பிளவு ஊசியும் (இரு காலையும் விரித்து மடக்கும் உலோக ஊசி) இறுக்கிப் பிடித்தால்தான் தூக்கிய கை நிற்கும். குட்டிக் கரடியின் கையில் எடை ஆயிரத்தில் ஒன்று, கை நீளம் பத்தில் ஒன்று. கையைக் கீழே இழுக்கும் திருப்புவிசை பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஒரு தோளில் நுழைத்து மறு தோளில் இழுத்து முடிச்சிட்ட நூலின் உராய்வே போதும். கையைத் தூக்கி விடுங்கள், அப்படியே நிற்கும்.