ஆறாயிரம் மீட்டருக்குக் கிளம்பும் முன் அட்டவணையைக் காட்டுங்கள்

ஐலண்ட் பீக், மேரா பீக், லொபூசே ஈஸ்ட். நேபாளத்தில் முதன்முறையாக ஆறாயிரம் மீட்டரைத் தாண்ட ஆசைப்பட்டு என்னிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். கையில் இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கும். மாரத்தான் ஓடிய கதையும் வரும். சரி, நல்லது. ஆனால் நான் முதலில் கேட்பது பயண அட்டவணையை. எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறீர்கள்?

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடல் பழக நாட்கள் வேண்டும். உடற்பயிற்சி அந்த நாட்களைக் குறைத்துத் தராது. சொல்லப்போனால், நன்றாக ஓடுகிறவர்கள்தான் எனக்குக் கூடுதல் கவலை. இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் கடந்துவிட்டு, அதைப் பெருமையாகவும் சொல்வார்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். ஐலண்ட் பீக் பாதையில் லுக்லா 2,860 மீட்டர், நாம்சே 3,440, டிங்போச்சே 4,410, சுக்குங் 4,730. நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலுவலகத்தில் லீவு கிடைக்காதவர்களின் அட்டவணையில் முதலில் காணாமல் போவது இவைதான். மேராவுக்கு லுக்லாவிலிருந்து நேராக ஜத்ர்வா லா கணவாய் வழியாகப் போனால் ஓரிரு இரவுகளிலேயே 4,000 மீட்டருக்கு மேல் தூங்க வேண்டிவரும். தெற்கே காடுகள் வழியாகச் சுற்றிப் போவதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும். என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் தலைவலி. "வெயில்ல நடந்தேன் டாக்டர்", "சாப்பாடு ஒத்துக்கலை" என்று காரணங்கள் வரிசையாக வரும். மலையில் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும் வரை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே குமட்டல், சோர்வு, தலைசுற்றல் இருந்தால் அன்று மேலே போகக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும். குழுவைத் தாமதப்படுத்திவிடுவோமோ என்ற கூச்சத்தில் இதை மறைப்பவர்கள் அதிகம். கூடாரத்தில் உடன் தூங்குகிறவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இதில் உயிரைப் பறிக்கக்கூடியவை இரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குடித்தவர் போலத் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் மூளை வீக்கம். சந்தேகம் வந்தால், குதிகாலும் கால்விரலும் ஒட்டும்படி அடிமேல் அடிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையா, விடியும் வரை காத்திருக்காமல் உடனே இறக்குங்கள். தனியாக அனுப்பவே கூடாது. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து, ஆக்சிஜன் எல்லாம் இறங்குவதற்குக் கைகொடுக்கத்தான்.

தடுப்பு மருந்து அசெட்டசோலமைடு, கடைப் பெயர் டயமாக்ஸ். பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு பொதுவாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுவதால் ரத்தம் சற்று அமிலமாகி, மூச்சு ஆழமாகிறது. நோயை மறைத்துவிடும் என்பது தவறான பயம். விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா குடித்தால் சுவை கெட்டிருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றவர்களும் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையையோ மதுவையோ தொடாதீர்கள், இரவில் மூச்சை மட்டுப்படுத்திவிடும். ஆக்சிமீட்டரை முழுதாக நம்பவும் வேண்டாம். குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று வாந்தி எடுப்பவரை மேலே கூட்டிப் போகிறவர்களும் உண்டு.

டிங்போச்சேக்குப் பக்கத்து ஊரான பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ மையம் சீசனில் திறந்திருக்கும். பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பக்கம் போனால் உட்கார்ந்து கேளுங்கள்.

சிகர நாள் பற்றி ஒரு விஷயம். ஐலண்ட் பீக்கில் சுமார் 5,100 மீட்டரில் உள்ள பேஸ் கேம்பிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பி ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கடைசிப் பனிச்சரிவில் கயிற்றில் ஜுமார் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கைப்பிடிக் கருவி) மாட்டி ஏறுவது அங்கேதான் முதல் தடவை என்றால் கையுறையைக் கழற்றத் தோன்றும், விரல் உறைந்துபோகும். தடித்த கையுறையோடு மாட்டிக் கழற்றுவதைக் கீழேயே பழகிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் கிளம்பும் முன்பே வழிகாட்டியோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைப் படியுங்கள். பலவற்றில் ஆறாயிரம் மீட்டருக்குக் கீழேயே நின்றுவிடும், கயிறு கட்டி ஏறுவதையும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள்.