அடிபட்ட பறவையைக் கூட்டத்தை நோக்கித் தூக்கி எறியாதீர்கள்

சென்ற வாரம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சாக்கில் கட்டி எடுத்து வரப்பட்ட வெள்ளை அரிவாள் மூக்கனின் இடது இறக்கையில், மேற்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. மின்கம்பியில் மோதி வயலில் விழுந்தபோது அது வெறும் விரிசலாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஏனெனில் எடுத்து வந்த பெரியவரே, "சாயங்காலம் கூட்டம் மேலே போறப்ப மாடியிலேர்ந்து ரெண்டு தடவ தூக்கி விட்டோம் டாக்டர், போய்ச் சேரவே மாட்டேங்குது" என்று மனத்தாங்கலோடு சொன்னார். இந்தப் பருவத்தில் இதே கதையோடு என் மேசைக்கு வந்த மூன்றாவது பறவை இது.

வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் அந்தியில் அடையத் திரும்பும் கூட்டங்களை அண்ணாந்து பார்த்து, நகத்தில் பூப்போடச் சொல்லிக் கைநீட்டி வளர்ந்தவர்கள்தாம் நாம். முன்னால் போவது ராஜா, பின்னால் வருவது படை, படையில் ஒன்று விழுந்தால் ராஜா திரும்பி வந்து அழைத்துப்போவார் என்று அப்போது கேட்ட கதையை, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் நம்பிக்கொண்டிருப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அங்கே ராஜாவும் இல்லை, படையும் இல்லை. பெரிய இறக்கையின் நுனிக்கு வெளியே காற்று மேலெழும், பின்னால் வருவது சற்றுப் பக்கவாட்டில் விலகி அந்தக் காற்றில் தன் இறக்கையை ஏந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் கையால் வளர்த்து, சிறு விமானத்தின் பின்னே பறக்கப் பழக்கிய 14 அரிவாள் மூக்கன்களின் முதுகில் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவை தக்க இடத்தில் பறந்ததோடு, மேலெழும் காற்று தப்பாதபடி முன்னதன் இறக்கையடிக்கு ஏற்பத் தம் அடியின் நேரத்தையும் அமைத்துக்கொண்டன. முன்னே பறப்பதற்கு அந்த உதவி கிடைக்காது. ஆகவே அந்த இடத்தை மாற்றி மாற்றி ஏற்றன என்பது அடுத்த ஆண்டு வெளிவந்தது. வரிசையில் பறக்கும் கூழைக்கடாவின் இதயத்துடிப்பு, தனியே பறப்பதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்ததை 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. இத்தனை நுணுக்கமாக இறக்கையடிக்க வேண்டிய வரிசையில், எலும்பில் விரிசல் விட்ட பறவை எப்படி இடம்பிடிக்கும்?

(வெயில் ஏறியதும் நத்தை குத்தி நாரைகள் வரிசையின்றி வட்டமிட்டு உயர்வதைக் கண்டு, வழி தப்பிவிட்டனவா என்று கேட்போரும் உண்டு. சூடேறிய காற்று அவற்றைத் தூக்கும்போது வரிசை எதற்கு?)

ஆகவே, தயவுசெய்து எறியாதீர்கள். தரையிலிருந்து தானாக எழும்பாத பறவை மாடியிலிருந்தும் எழும்பாது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வெளியே தெரியும் எலும்பைக் கழுவவும் வேண்டாம். மேற்கை எலும்பின் உட்புழை, பறவை மூச்சுவிட உதவும் காற்றுப்பையோடு இணைந்திருப்பதால், காயத்தில் ஊற்றும் நீரே உயிருக்கு உலையாகும். இதைக் கால்நடை மருத்துவத்தில் புதிதாகச் சேருவோருக்கே நான் இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வேட்டியைத் தலைமேல் போட்டுக் கண்ணை மறையுங்கள். பாதி பதற்றம் அதிலேயே அடங்கும். அலகைப் பிடித்துக்கொண்டு, உங்கள் முகத்தை விலக்கியே வைத்திருங்கள். அடிபட்ட கொக்கு கண்ணைக் குறிபார்த்துக் குத்தும்.

வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்; எந்த வயலில், எந்தக் கம்பிக்குக் கீழே கிடந்தது என்பதையும் சொல்லுங்கள். சாக்கு வேண்டாம், அட்டைப்பெட்டி போதும். மூடியில் நாலைந்து துளை போட்டு எடுத்து வாருங்கள்.