நகரும் மர அறுவை மில்லுக்கு மானியக் கடன்: முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டு, அந்த ரசீதோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் மானியம் கிடைக்காது. ரசீதைப் பார்த்ததும் "இது ஏற்கெனவே தொடங்கிய தொழில்" என்பார்கள். விதிப்படி அவர்கள் சொல்வது சரிதான். அதை முன்கூட்டியே சொல்லி எச்சரிக்க எந்தக் கவுன்ட்டரிலும் ஆள் இல்லை என்பதுதான் கோளாறு.

நாம் பேசுவது கட்டையை நகர்த்தாமல், ரம்பமே தண்டவாளத்தில் ஓடி அறுக்கும் மெஷினைப் பற்றி. ஒரே வட்டப் பிளேடு ஒரு முறை நிமிர்ந்து வெட்டும், பிறகு 90 டிகிரி திரும்பிப் படுத்து வெட்டும். இரண்டு வெட்டில் பலகை கழன்று வரும். பிரித்து வண்டியில் ஏற்றித் தோப்புக்கே கொண்டுபோகலாம். இந்த வசதிதான் அரசு அலுவலகத்தில் தலைவலியாக மாறுகிறது. அதைக் கீழே பார்ப்போம்.

திட்டத்தின் பெயர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சுருக்கமாகப் பி.எம்.இ.ஜி.பி. 2008-09 முதல் நடக்கிறது. காதி கிராமத் தொழில் ஆணையம் தலைமை. மாவட்டத்தில் தொழில் மையம், கதர் வாரியம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இங்கே சொல்லும் தொகைகள் 2022-ல் திருத்தி, 2025-26 வரையிலான காலத்துக்கு வெளியிட்ட விதிகளின்படி. 18 வயது முடிந்திருக்க வேண்டும், வருமான உச்சவரம்பு கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

மானியக் கணக்கு

பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. சொந்தப் பணம் பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், மற்றவர்களுக்கு 5.

கிராமத்தில் ஒரு பெண் 12 லட்சத்துக்குத் திட்டம் போட்டால் மானியம் 4,20,000. அவர் கையிலிருந்து போட வேண்டியது 60,000. வங்கி தருவது 11,40,000. ஆனால் மானியம் கைக்கு வராது. வங்கி அதைத் தனி வைப்பாக 3 ஆண்டு பூட்டி வைக்கும். அதற்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கு உங்களிடமும் வட்டி வாங்கக் கூடாது. அதாவது 11,40,000-க்கு அல்ல, 7,20,000-க்குத்தான் வட்டி. பாஸ்புக்கில் இதைச் சரிபாருங்கள்; மானியம் வந்து சேர்ந்த பிறகும் முழுத் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தால் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் "சிஸ்டம் அப்படிப் போடுது சார்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

உற்பத்தியா, சேவையா?

விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம். பலர் யோசிக்காமல் நிரப்புவது இதைத்தான்.

கட்டை வாங்கி, அறுத்து, பலகையாகவும் சட்டமாகவும் விற்றால் உற்பத்தி. திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம். பிறர் தோப்புக்கு மெஷினைக் கொண்டுபோய்க் கூலிக்கு அறுத்துக் கொடுத்தால் சேவை. அதற்கு உச்சம் 20 லட்சம். படிப்பு வரம்பும் இதோடு மாறுகிறது: உற்பத்தியில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் 8-ம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், சேவையில் 5 லட்சத்தைத் தாண்டினாலே கேட்பார்கள். "எட்டாம் வகுப்பு படித்தார்" என்று டி.சி.-யில் இருப்பது தேர்ச்சி ஆகாது. பள்ளியில் போய்த் தேர்ச்சி என்று எழுதி வாங்க வேண்டும், அதற்கே இரண்டு வாரம் ஓடிவிடும்.

இரண்டு வேலையும் செய்வதாக இருந்தால், வருமானத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வரப்போகிறதோ அதைக் குறியுங்கள். திட்ட அறிக்கையும் அதையே சொல்ல வேண்டும். கட்டத்தில் உற்பத்தி என்று போட்டுவிட்டு, அறிக்கையில் முழுக்கக் கூலி அறுப்புக் கணக்கு எழுதியிருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். ஆயத்த அறிக்கை விற்கும் கடைகளில் வாங்கினால் இந்தப் பிழை நிச்சயம். போன வாடிக்கையாளரின் மாவு மில் கணக்கு இன்னும் நாலாம் பக்கத்தில் இருக்கும்.

வனத்துறை உரிமம்: மானியத்துக்கு முன்னால்

முழுத் திட்டமும் இங்கேதான் மாட்டுகிறது. வங்கியும் தொழில் மையமும் "லைசென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லக்கூடும். கேட்காதீர்கள். கடன் ஓடத் தொடங்கிய பிறகு உரிமம் மறுக்கப்பட்டால், தவணை மட்டும் நிற்காது.

காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-ல் புதிய மர அறுவை மில்களுக்குக் கடிவாளம் போட்டது. 2015-ல் அந்த அதிகாரம் மாநில அளவிலான குழுக்களுக்கு வந்தது. அதை ஒட்டி மத்திய அரசு 2016-ல் மரம் சார்ந்த தொழில்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. விண்ணப்பிப்பவர் இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது தூரம். தொழிற்பேட்டைக்கும் நகராட்சிப் பகுதிக்கும் வெளியே, அறிவிக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மில் வைக்க அந்த வழிகாட்டுதல் இடம் தரவில்லை. இது சாலை வழித் தூரம் அல்ல, வான்வழி நேர்கோடு. பஸ்ஸில் 18 கிலோமீட்டர் என்பார்கள். வரைபடத்தில் கோடு போட்டால் 8-தான் இருக்கும். "காடு" என்றால் புலிகள் காப்பகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் முள்ளுக் கரடுகூடக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்கு முன்பே, சர்வே எண்ணையும் புல வரைபட நகலையும் இணைத்து, தூரத்தைக் குறித்துத் தரும்படி மாவட்ட வன அலுவலருக்கு மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

இரண்டாவது இடம். உரிமம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத்தான். "சக்கரம் இருக்கு, இது மில்லே இல்லை, உரிமம் தேவையில்லை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். மெஷினைப் பறிமுதல் செய்யும்போது அவர்கள் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். நகரும் மெஷினுக்கு உரிமம் வேண்டுமா, வேண்டுமென்றால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் அறுக்க என்ன அனுமதி தேவை என்ற இரண்டு கேள்விகளையும் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வனச்சரகர் வாய்மொழியாக "பரவாயில்லை" என்றது அவர் மாற்றலாகிப் போனதும் அவரோடு போய்விடும்.

மூன்றாவது கட்டை. உரிமம் இருந்தாலும் கட்டைக்குக் கணக்கு வேண்டும். சந்தனம், ஈட்டி இரண்டையும் தொடவே வேண்டாம். ஈட்டிக்குத் தமிழ்நாட்டில் 1994-ம் ஆண்டுச் சட்டம் என்று தனியாகவே ஒன்று போட்டார்கள். தேக்கு போன்ற மற்ற மரங்களுக்கு வெட்டு அனுமதி, கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு, பட்டா நகல் மூன்றையும் பார்த்துவிட்டு ரம்பத்தை ஓட்டுங்கள். கூலிக்கு அறுப்பவர் "எனக்கென்ன தெரியும், அவர் கொண்டுவந்தார்" என்று தப்ப முடியாது. காட்டு மரம் என்று வழக்கானால் மரத்தோடு கருவியும் வண்டியும் சேர்ந்தே போகும், அந்தக் கருவி வங்கிக்கு அடமானமாக இருக்கிற மெஷின்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலையும் இதோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். தூள் கொட்டும் இடமும் அக்கம்பக்கத்து வீடுகளின் தூரமும்தான் அங்கே கேள்வி.

"கிராமம்" யார் சொல்வது?

10 சதவீத வித்தியாசம் இதில் இருக்கிறது. 12 லட்சத்தில் அது 1,20,000. ஊராட்சிக்குள் இருந்தால் கிராமம், நகராட்சிக்குள் இருந்தால் நகரம். பேரூராட்சியில் இடம் இருப்பவர்கள் தாங்களாகவே முடிவு செய்து 35 சதவீதம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. எந்தப் பக்கம் சேரும் என்று விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டு, சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேற்றுங்கள். சான்று யூனிட் அமையும் இடத்துக்கு வேண்டும். உங்கள் வீட்டு முகவரிக்கு வாங்கிய சான்று செல்லாது. இந்த ஒரு காரணத்துக்காக மூன்று முறை நடந்தவர்கள் உண்டு.

கொட்டேஷனில் எது இருக்க வேண்டும்

வங்கி பணத்தை விற்பவர் கணக்குக்கே அனுப்பும். கொட்டேஷனில் இல்லாதது உங்கள் பையிலிருந்துதான் போகும். ஆகவே தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்: மெஷின் உடல், தண்டவாளம் எத்தனை மீட்டர், என்ஜின் எத்தனை குதிரைத்திறன், பிளேடு எத்தனை, தீட்டும் கருவி, தண்ணீர்த் தொட்டி, கட்டையை அசையாமல் பிடிக்கும் தாங்கிகள், ஏற்றி வர டிரெய்லர், வரி.

பிளேடு ஒன்று மட்டும் வாங்கினால் வேலை நடக்காது. பல்லின் முனை கடினக் கார்பைடு. பழைய வேலி மரத்துக்குள் புதைந்திருக்கும் ஆணி ஒன்றில் பட்டால் முனை தெறிக்கும். அன்றைக்கு அறுப்பு முடிந்தது. குறைந்தது மூன்று பிளேடும் தீட்டும் கருவியும் முதல் கொட்டேஷனிலேயே வரட்டும். அதற்குப் பிறகு வாங்குபவை நடைமுறை மூலதனத்தில், அதாவது தொழிலின் அன்றாடச் செலவுக்கான கடனில், சேரும்.

இந்த வகை மெஷின்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை. வெளிநாட்டுப் பணத்தில் இருக்கும் விலைப்பட்டியலை வங்கிக் கிளை எளிதில் ஏற்காது. ஏற்றாலும் சுங்கவரி, கப்பல் கூலி, டாலர் ஏற்றம் மூன்றும் ஒப்புதல் தொகைக்கு வெளியே நிற்கும். உள்நாட்டு விற்பனையாளரிடம் ஜி.எஸ்.டி. எண்ணோடு, எல்லாம் சேர்ந்த விலை வாங்குங்கள்.

நில விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. சேர்த்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் மானியம் கணக்கிடுவார்கள், உங்கள் மொத்தக் கணக்கும் குலைந்துவிடும். நடைமுறை மூலதனத்தைக் கூட்டிப் போடுவதும் ஆபத்து. 3 ஆண்டுக்குள் ஒரு முறையாவது அந்த வரம்பை முழுதாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும், மொத்தத்தில் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த அளவுக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மானியம் அதிகம் வரும் என்று 3 லட்சம் தேவைப்படும் இடத்தில் 6 லட்சம் எழுத வைக்கும் இடைத்தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

இடைத்தரகர் என்று யாரும் இந்தத் திட்டத்தில் இல்லை. விண்ணப்பம் இணையத்தில், கட்டணமில்லாமல். "மானியத்தில் 10 சதவீதம் எனக்கு" என்று வருபவரிடம் ஆதாரையும் ஓ.டி.பி.-யையும் கொடுத்துவிட்டால் பிறகு உங்கள் விண்ணப்பம் உங்கள் கையில் இருக்காது.

வங்கி வாசலில்

குறிப்பிட்ட வரம்பு வரை (நெடுநாளாக 10 லட்சம்) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல், பிணைக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. இருந்தும் "பத்திரம் கொண்டாங்க" என்பார்கள். மறுத்து வாதாட வேண்டாம். "பிணை தேவை என்பதை எழுதிக் கொடுங்கள், தொழில் மையத்தில் கொடுக்கிறேன்" என்று சொன்னால் போதும், பேச்சின் தொனி மாறும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வரவில்லையா, 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு. பொதுத்துறை வங்கிக்கும் அது பொருந்தும், வன அலுவலகத்துக்கும் பொருந்தும். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். "என் விண்ணப்பத்தின் கோப்புக் குறிப்புகள் நகல் தருக" என்று கேளுங்கள். காரணம் கேட்டால் மழுப்ப இடமுண்டு, நகல் கேட்டால் நகல்தான் தர வேண்டும்.

ஒப்புதல் வந்தபின் தொழில்முனைவோர் பயிற்சி, 5 லட்சத்துக்கு மேல் என்றால் 10 நாள். அந்தச் சான்று இல்லாமல் மானியக் கோரிக்கை நகராது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் இந்தத் திட்டம். வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கிய யூனிட்டுக்கும் கிடையாது.

பிறகு நேரடி ஆய்வு வரும். அன்றைக்கு மெஷின் 40 கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவர் தோப்பில் இருந்தால், அறிக்கையில் "யூனிட் இல்லை" என்று ஏறும். மானியம் பூட்டிலிருந்து கழல்வது இந்த அறிக்கையில்தான் தொங்குகிறது. பதிவு செய்த இடத்தில் கொட்டகை, திட்டத்தின் பெயர்ப் பலகை, வேலைப் பதிவேடு மூன்றும் எப்போதும் இருக்கட்டும். மெஷின் வெளியே போகும் நாள், இடம், திரும்பும் நாள் பதிவேட்டில் ஏறட்டும். ஆய்வுக்கு முன்தகவல் வந்தால் அறுப்பை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

மேம்படுத்தும்போது

பெரிய என்ஜின், நீளத் தண்டவாளம், இரண்டாவது ரம்பம் என்று விரிவாக்க இரண்டாவது கடன் உண்டு. உற்பத்திக்கு 1 கோடி வரை, சேவைக்கு 25 லட்சம் வரை. மானியம் எல்லாப் பிரிவுக்கும் 15 சதவீதம், சொந்தப் பணம் 10. பி.எம்.இ.ஜி.பி.-யில் தொடங்கியவர்களுக்கும் முத்ரா கடனில் தொடங்கியவர்களுக்கும் இது பொருந்தும். முதல் கடன் தவணை தவறாமல் அடைந்திருக்க வேண்டும், உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவு வேண்டும், கடைசி 3 ஆண்டும் லாபம் காட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் பலரைக் கவிழ்க்கிறது. கூலி அறுப்புப் பணம் ரொக்கமாக வந்து ரொக்கமாகப் போகிறது. கணக்கில் ஏறாத லாபம் லாபமாகாது. முதல் மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள், கணக்குத் தாக்கல் செய்யுங்கள். நாலாம் ஆண்டில் ஆடிட்டரிடம் போய் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எழுதச் சொன்னால் வங்கி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது ரம்பம் வாங்கும் முன் வனத்துறை உரிமத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் மெஷினும் திறனும்தான் உங்களுக்கு அனுமதி. கூட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும், கூட்டிய பிறகு அல்ல. இரண்டாவது கடனுக்கான விண்ணப்பத்தில் அந்தத் திருத்திய உரிமத்தின் நகலையும் சேர்த்தே கொடுங்கள்.