வட்: நடந்து கடக்கும் கடலுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

வடக்கு ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் மேற்குக் கரை. ஹூசும் ஊருக்குப் பக்கத்தில் கடல் தடுப்புக் கரையின் மேல் ஏறி நின்றால் எதிரே அலை தெரிகிறது. ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால் கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈரத்தில் மினுங்கும் சாம்பல் நிறத் தரை, நடுவே வளைந்து ஓடும் சில வாய்க்கால்கள், அவ்வளவுதான். இந்தத் தரைக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயர் 'வட்'. இப்படிப்பட்ட வெளிகள் நிறைந்த ஆழமற்ற கடலை 'வட்டன்மேர்' என்கிறார்கள். 'மேர்' என்றால் கடல்.

மின்சார அலகான வாட்டும் இதுவும் ஜெர்மனில் ஒரே எழுத்துக்கூட்டல். ஆனால் உறவு ஏதும் இல்லை. அலகின் பெயர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் வாட்டிடமிருந்து வந்தது. கடற்கரையின் வட் அவரை விடப் பல நூற்றாண்டு மூத்தது.

சொல்லின் வேர் காலில் இருக்கிறது. ஆழமில்லாத நீரில் காலால் துழாவி நடப்பதற்கு ஜெர்மனில் 'வாட்டன்' என்று வினைச்சொல். ஆங்கிலத்தில் இதே பொருள் தரும் 'வேட்' இதன் உடன்பிறப்பு. ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ஆழமற்ற இடத்தைக் குறிக்கும் 'வதும்' என்ற லத்தீன் சொல்லும் இதே குடும்பம். ஆக, வட் என்பதற்கு முதல் பொருள் சேறும் இல்லை, மணலும் இல்லை. நடந்து கடக்கக்கூடிய நீர். கடலை அளக்கக் காலை அளவுகோலாக வைத்த மக்களின் சொல் இது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இதன் ஆங்கிலப் பெயரை ஒட்டி 'வாடன் கடல்' என்று ஒலிபெயர்த்தால் வாடுகிற கடலோ என்று தோன்றும், பொருள் ஒட்டாது. 'சதுப்பு நிலம்' என்பது தவறு. சதுப்பில் செடி கொடி வளர்ந்திருக்கும், நீர் தேங்கி நிற்கும். வட்டில் நீர் தேங்குவதில்லை. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிடுகிறது. 'கழிமுகம்' ஆறு கடலில் சேரும் இடம், அதுவும் பொருந்தாது. 'சேற்றுவெளி' பாதிதான் சரி. வட்டில் கெட்டியான மணல்வெளி உண்டு, முழங்கால் வரை புதையும் சேறு உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. மூன்றுக்கும் ஜெர்மனில் தனித்தனிப் பெயர்.

நேரான ஒற்றைச் சொல் தமிழில் இல்லாததற்கு நம் கடலே காரணம். தமிழகக் கரையில் நீர் ஏறி இறங்கும் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். ஹூசுமில் அது 3 மீட்டரைத் தாண்டும். அங்கே கடலடியும் மிக மெல்லச் சரிகிறது. அதனால் நீர் இறங்கினால் பல கிலோமீட்டர் தரை வெளியே வந்துவிடும்.

ஆனால் நீரின் அசைவுக்கு நம்மிடம் நல்ல சொற்கள் உண்டு. 'ஓதம்' பழைய இலக்கியத்திலிருந்து இன்றைய புவியியல் பாடநூல் வரை வருகிற சொல். இலங்கையில் 'வற்றுப்பெருக்கு' என்பார்கள். ஜெர்மன் 'ஃப்ளூட்' நீர் ஏறும் நேரம், 'எபெ' இறங்கும் நேரம். நம் ஏற்றமும் வற்றமும் அப்படியே பொருந்துகின்றன.

ஆகவே வட்டுக்கு என் தேர்வு 'ஓதவெளி'. வட்டன்மேர், ஓதவெளிக் கடல். ஓதத்துக்கு இன்னொரு பொருளும் இருப்பது இந்தத் தேர்வுக்குப் பலம். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுகிறது என்கிறோமே, அந்த ஈரம். கடல் போன பிறகும் காயாமல் கிடக்கும் தரைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம். காலால் நடப்பது என்ற வேர்ப்பொருள் இதில் விடுபடுகிறது, அந்தக் குறை எனக்கும் தெரிகிறது.

ஓதவெளியில் குனிந்து பார்த்தால் எங்கும் சேமியாவைப் பிழிந்து வைத்தது போல மணல் சுருள்கள். அடியில் வாழும் ஒரு புழு மணலை விழுங்கி, உணவைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தை மேலே தள்ளியது அது. ஒரு புழு ஆண்டுக்குச் சுமார் 25 கிலோ மணலை இப்படிச் சலிக்குமாம். சேற்றுப் பகுதியில் காதைத் தாழ்த்தினால் பொரி பொரிகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். சின்னஞ்சிறு இறால் வகை உயிரி ஒன்று தன் உணர்கொம்புகளை விரிக்கும்போது நீர்ப்படலம் உடைகிற ஓசை. இந்தச் சத்தத்துக்கும் ஜெர்மனில் தனிச் சொல் இருக்கிறது. விரலால் கிளறினால் மேல்தோலுக்கு அடியில் கறுப்புச் சேறு. பிராணவாயு எட்டாததால் அழுகிய முட்டை வாடை.

கூடவே வரும் சில சொற்கள். ஓதவெளியின் வாய்க்கால் 'ப்ரீல்'. நெய்தல் பாட்டுகளில் வரும் 'கழி' இதற்குப் பக்கத்தில் வரும். கரையோரம் முளைக்கும் 'க்வெல்லர்' செடி நம் உமரியின் இனமேதான். மொழிபெயர்ப்பாளர்கள் தயங்காமல் உமரி என்று எழுதலாம்.

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்று சுமார் 500 கிலோமீட்டர் நீளும் இந்தக் கடலை யுனெஸ்கோ 2009இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது; டென்மார்க்கின் பகுதி 2014இல் சேர்ந்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதி 1985 முதல் தேசியப் பூங்கா. ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் இங்கே இறங்கி இரை தேடுகின்றன.

அப்புறம் 'வட்வாண்டருங்', அதாவது ஓதவெளி நடை. வழிகாட்டியோடு வெறுங்காலில் போவார்கள். குக்ஸ்ஹாஃபனிலிருந்து நொய்வெர்க் தீவுக்கு இப்படி நடந்தே போகலாம், ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வழியைக் காட்டச் சேற்றில் குச்சிக் கட்டுகளை நட்டிருக்கிறார்கள். ஏற்றம் தொடங்கினால் முதலில் நிரம்புவது கழிகள்தான்; முன்னால் தரை தெரியும்போதே பின்னால் வழி அடைபட்டுவிடும். அப்படிச் சிக்கிக்கொள்பவர்கள் ஏறி நிற்பதற்காகவே வழியில் உயரமான கம்பங்களின் மேல் கூண்டுகள் வைத்திருக்கிறார்கள்.