பில்லில் புதிதாக ஒரு வரி

2024 தொடக்கத்தில் ஆம்பூரிலிருந்து ஒரு ஷூ ஏற்றுமதியாளர் போன் செய்தார். "சார், ஹாம்பர்க் பில்லில் ஈ.டி.எஸ்.னு புதுசா ஒரு வரி இருக்கே, யார் போட்டது?" கப்பல் வாடகை, பங்கர் சர்சார்ஜ் (எரிபொருள் கூடுதல் கட்டணம்), டெர்மினல் கட்டணம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவற்றுக்குக் கீழே சில பத்து யூரோவுக்கு ஒரு வரி. வரி என்பதற்கு இங்கே இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

போட்டது ஐரோப்பிய ஒன்றியம். ஈ.டி.எஸ். என்பது புகைவிடும் அனுமதிகளை வாங்கி விற்கும் அவர்களுடைய திட்டம். அங்கே போய்வரும் 5,000 கிராஸ் டன்னேஜுக்கு (கப்பலின் மொத்த உள்ளளவைச் சொல்லும் கணக்கு) மேற்பட்ட கப்பல்கள், வெளியிடும் கரியமில வாயுவுக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் பயணத்தில் பாதிதான் கணக்கு. அந்தப் பாதியிலும் 2024-க்கு 40 சதவீதம், 2025-க்கு 70, 2026 முதல் முழுசாக. கப்பல் கம்பெனி கையிலிருந்து கட்டுமா என்ன? பில்லில் ஏற்றிவிடும்.

பாரிமுனையில் இருபது வருடமாகச் சரக்கு அனுப்பும் எனக்கே இதில் ஒன்று வேடிக்கையாக இருந்தது. நம் கன்டெய்னர் பெட்டிகளில் பல இங்கே ஃபீடர் என்ற சிறிய கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய தாய்க்கப்பலுக்கு மாறும். கணக்கோ, ஐரோப்பாவுக்கு முந்தைய கடைசித் துறைமுகத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் சென்னை–கொழும்பு புகை அதில் வராது. ஆனால் செங்கடலில் தாக்குதல் என்று கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போனபோது, அந்தக் கூடுதல் தூரத்தின் புகையும் கணக்கில் ஏறியது. சண்டை எங்கேயோ, செலவு ஆம்பூருக்கு.

புகைக்குக் காசு கேட்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். உலகப் பசுங்குடில் வாயுவில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல்களுடையது. நடுக்கடலில் விடும் புகை எந்த நாட்டுக் கணக்கு? 1997 கியோட்டோ உடன்படிக்கை அதை ஐ.நா.வின் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பிடம் தள்ளிவிட்டது, விமானப் புகையை ஐகாவோ என்ற ஐ.நா. விமான அமைப்பிடம். விமானக் கதை இன்னும் பழையது. பன்னாட்டு விமானம் டேங்கில் கொண்டுவரும் எண்ணெய்க்குச் சுங்கவரி கூடாது என்றது 1944 சிகாகோ உடன்படிக்கை. அப்புறம் நாடுகள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தங்கள், இறங்கிய ஊரில் நிரப்பும் எண்ணெய்க்கும் அதே சலுகையைக் கொடுத்தன. என் ஸ்கூட்டர் பெட்ரோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

என் மனக்குறை, காசு போய்ச் சேரும் இடம். நம் ஏற்றுமதியாளர் கட்டுவது ஐரோப்பியக் கருவூலங்களுக்கும் அவர்களுடைய நிதிக்கும் போகிறது. 2025 ஏப்ரலில் லண்டனில், அதே கடல்சார் அமைப்பில், உலகம் முழுவதற்கும் ஒரே விதி ஒன்று தயாரானது. அளவுக்கு மேல் புகைவிடும் கப்பல் டன்னுக்கு 100 டாலர், ரொம்பவும் மீறினால் 380. பணம் ஒரு பொது நிதிக்கு. வளரும் நாடுகளுக்கும் அதில் பங்கு. 63 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும்தான். அக்டோபரில் அதை நிறைவேற்ற வேண்டியது. அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. 57-க்கு 49 என்ற வாக்கில் ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். பொது விதி தள்ளிப்போகலாம், ஐரோப்பிய வரி தள்ளிப்போவதில்லை.

சரி, ஏற்றுமதி செய்கிறவர்கள் உடனே பார்க்க வேண்டியது: கப்பல் கம்பெனி சொல்லும் வாடகை விலையில் ஈ.டி.எஸ். சேர்த்தியா, தனியா என்று முதலிலேயே கேளுங்கள். எஃப்.ஓ.பி. (சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடியும் ஒப்பந்தம்) என்றால் கப்பல் வாடகை, சரக்கை வாங்குபவர் பாடு. ஆனால் அடுத்த ஆர்டரில் அவர் ஜோடிக்கு விலையைக் குறைக்கச் சொல்வார். ஆம்பூர்க்காரரிடம் அப்படித்தான் கேட்டார்கள்.