நாற்பது லிட்டர் தொட்டியில் பவளம்: உப்பும் சூடும் சொல்லும் கணக்கு

45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தொட்டி கணக்குப்படி 40 லிட்டர் பிடிக்கும். மேல்விளிம்பில் 3 செ.மீ. விட்டு, மணலும் பாறையும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் நிற்பது 33 லிட்டர்தான். இந்த 33-ஐத் தொட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள். இனி வரும் எல்லா அளவும் இதிலிருந்துதான்.

என்ன வளர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கல்கூடு கட்டும் பவளங்கள் அனைத்தும் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது. ஆகவே பாறைக்குச் செயற்கைக் கல் 4 கிலோ, தரைக்கு அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணல் 2 செ.மீ. கனத்துக்கு 4 கிலோ போதும். உயிர்களில் காளான் பவளமும் பொத்தான் போன்ற ஸோவாந்தஸும் பொருந்தும். கல்கூடு கட்டாத இவை தொடக்கக்காரரின் தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வாங்கும்போது வளர்ப்பில் பெருகிய துண்டுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

நிரப்பும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். ஆனால் வீட்டுக் குடிநீர் இயந்திரத்தின் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பெரும்பாலும் 50-க்கு மேல் நிற்கும். மிச்ச அயனிகளைப் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றின் வழியாகவும் அதை விட்டு 5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் உள்ளே வந்து பாசிக்கு உணவாகும். 33 லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ கடலுப்புக் கலவை பிடிக்கும். சமையல் உப்பு உதவாது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் இல்லை. வாளியில் ஒரு பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் கலக்கிய பின், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் நீரின் ஒப்படர்த்தி 1.025-க்கும் 1.026-க்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஐந்தாறு வாரம் உயிர் எதுவும் விடக்கூடாது. மீன் கழிவிலும் மிச்ச உணவிலும் இருந்து வரும் அமோனியா, கடல்நீரின் 8.2 பி.எச். அளவில் நன்னீரில் இருப்பதைவிட நச்சு கூடியது. அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையின் நுண்துளைகளில் குடியேறக் காலம் எடுக்கும். அவற்றுக்கு உணவாக 0.2 கிராம் அமோனியம் குளோரைடு இட்டால் அமோனியா ஏறத்தாழ 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆகும். புட்டியில் வரும் பாக்டீரியாவையும் கூடவே ஊற்றலாம். இட்ட அமோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யமாக இறங்கும்போது தொட்டி தயார். இடையில் கண்ணாடியில் பழுப்புப் படலம் படரும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. பயந்து மருந்து ஊற்ற வேண்டாம், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும்.

சின்னத் தொட்டிகளைப் பெரும்பாலும் கெடுப்பது ஆவியாதல். நீர் போகும், உப்பு போகாது. ஒரு லிட்டர் ஆவியானால் மட்டம் முக்கால் செ.மீ.தான் இறங்கும், கண்ணுக்குப் படாது. ஆனால் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 36-ஐத் தாண்டிவிடும். நாளுக்கு ஒரு லிட்டர் என்று மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால் 38.5. பவளத்தின் உடல் சுற்றியுள்ள நீரோடு ஒத்தே போகும், உப்பைத் தனியாகக் கட்டுப்படுத்தும் உறுப்பு அதற்கு இல்லை. ஏறிய உப்பைவிட, திரும்பி வந்ததும் மூன்று லிட்டரை ஒரேயடியாக ஊற்றுவது இன்னும் மோசம். கண்ணாடியில் மார்க்கர் கோடு ஒன்று போட்டு, தினமும் அந்தக் கோடுவரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை வால்வு வைத்தால் வேலை மிச்சம்.

இதே ஆவியாதல்தான் நம் ஊர் வெயிலில் தொட்டியைக் காப்பாற்றவும் செய்கிறது. பவளத்துக்கு 25-27 டிகிரி இதம். 30-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால், பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து சர்க்கரை செய்து கொடுக்கும் நுண்பாசி நஞ்சாகும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கும். பவளம் அதை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான். நீர்ப்பரப்பின் மேல் சிறு கணினி விசிறி ஒன்றைத் திருப்பி வைத்தால், ஒரு லிட்டர் ஆவியாகும்போது 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அது 33 லிட்டரை 18 டிகிரி குளிர்விக்கப் போதுமான வெப்பம். அறையும் விளக்கும் பம்பும் ஓயாமல் திருப்பி ஊட்டுவதால் கையில் மிஞ்சுவது 2-3 டிகிரி. கோவை போன்ற உலர்ந்த காற்றில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், சென்னைப் புழுக்கத்தில் குறையும். அறையே 34 டிகிரி என்றால் விசிறி போதாது. ஏ.சி. அறையோ நீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாமல் அந்த வீட்டில் பவளம் வைக்க வேண்டாம்.

விளக்கு, நீலம் மிகுந்த எல்.இ.டி., நாளுக்கு 8 மணி நேரம். நீரோட்டத்துக்கு மணிக்கு 500 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். காளான் பவளம் ஓட்டம் குறைந்த மூலையில்தான் விரியும்.

வாரம் ஒருமுறை 4 லிட்டரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் ஊற்றினால் பெரும்பாலான தாதுக்கள் தானாக நிரம்பும். காரத்தன்மையை மட்டும் சோதித்து, அதன் அலகான டி.கே.எச்.-இல் 8-க்கு அருகில் வையுங்கள். குறைந்தால் 33 லிட்டருக்கு 1 கிராம் சமையல் சோடா ஒரு டி.கே.எச். ஏற்றும். கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும், ஒரு நாளில் ஒரு டி.கே.எச்.-க்கு மேல் கூடாது. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். நைட்ரேட் பூஜ்யமாக இருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். பவளம் பட்டினி கிடக்கும், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புக் கோழை படரும். 5-லிருந்து 10 பி.பி.எம். வரை இருக்கட்டும். ஒரே ஒரு சிறு கோபி மீனுக்கு நாள்தோறும் கொஞ்சமாக உணவு போட்டாலே அந்த அளவு நிற்கும்.

தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்கக்கூடாது. அதிலுள்ள பைரெத்ராய்டு மிகக் குறைந்த அளவிலேயே இறால், நண்டு வகைகளைக் கொன்றுவிடும். செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படியே. மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன், அதனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

ஸோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம், ஆவியோடு வரும் நஞ்சு வீட்டிலுள்ளவர்களின் நுரையீரலைத் தாக்கும்.